ரெண்டும் லெப்ட்டு: சுகிர்தம் மேடம் நினைவாக

செய்தி வந்தபோது நான் கரும்பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலைச் சிறப்பு வகுப்பு. முதுகலை மாணவர்களில் பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். துறையின் அலுவலக உதவியாளர் கதவருகே வந்து நின்றார். வழக்கமாகச் சுற்றறிக்கையை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடுகிறவர், அன்று வெறுங்கையோடு நின்றார். "சார், நம்ம சுகிர்தம் மேடம் போய்ட்டாங்களாம். ஆம்பூர்ல, தங்கச்சி வீட்டுல" என்றார். நெஞ்சுவலி என்றும், ஆட்டோவில் ஏற்றுவதற்குள் முடிந்துவிட்டது என்றும் கேட்டதையெல்லாம் சொன்னார். நான் பாதிக் கோட்டில் சாக்பீஸை வைத்துவிட்டேன்.

வெளியே வந்து நடைவழியில் நின்றேன். மாடிப்படியில் மெல்லிய ஒரு காலடி, அதை அடுத்து 'டொக்' என்று ஒரு சத்தம். மறுபடி மெல்லிய காலடி, மறுபடி 'டொக்'. கேட்டது என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். எட்டிப் பார்த்தால் படிக்கட்டில் யாரும் இல்லை. கணக்கு வாத்தியார் பேய்க்கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இதை எழுதும் நேரம்வரை அந்தச் சத்தம் என்னை விடவில்லை.

மேடத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேலூரில் எங்கள் கல்லூரியின் கணிதத் துறையில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர் பேராசிரியர் சுகிர்தம். சத்துவாச்சாரியில் ஒரு சிறிய வீட்டில் தனியாக வசித்தார். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவருடைய இடது காலை வலது காலைவிடக் குட்டையாக்கிவிட்டது. அந்தக் காலுக்கு அடிப்பாகம் தடித்த கறுப்புத் தோல் ஷூ ஒன்று எப்போதும் உண்டு. 'டொக்' அதன் சத்தம்தான். அது கேட்டதும் மாணவர்கள் செல்போனைப் பைக்குள் போட்டுவிடுவார்கள். மேடமும் அதைத் தெரிந்தே, போட அவகாசம் கொடுத்து மெதுவாக நடந்து வருவார்.

நான் இங்கே சேர்ந்த புதிதில் எங்கள் துறைக்கு வகுப்பறை போதவில்லை. ஒரு நீளமான கூடத்தை ஒட்டுப்பலகை வைத்து நடுவில் தடுத்து இரண்டாக்கியிருந்தார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் மேடம், இந்தப் பக்கம் நான். திருப்பத்தூர்ப் பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்திப் பாடம் நடத்திப் பழகியவன் நான். முதல் வாரத்திலேயே மேடம் ஆசிரியர் அறையில் என் மேசைக்கு வந்தார். என்னவோ ஏதோ என்று எழுந்து நின்றேன்.

"சார், உங்க க்ளாஸ் என் க்ளாஸ்ல கசியுது. வால்யூம் கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்றார். முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் மறுநாளிலிருந்து நான் சொல்லும் அசட்டு நகைச்சுவைகளுக்குப் பலகையின் அந்தப் பக்கத்திலிருந்து அவர் சிரிப்பது எனக்குக் கேட்டது. கசிவு இரண்டு பக்கமும் உண்டு என்று தெரிந்துகொண்டேன்.

அந்தப் பலகைதான் பிறகு அவர் பாடத்துக்குள்ளும் வந்தது. அவருடைய ஆராய்ச்சி அணிகளைப் பற்றியது. அணி என்றால் எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய ஒரு சதுரம், அவ்வளவுதான். அதில் சில அபூர்வமான சதுரங்கள் உண்டு. மேல் கீழாகவும் இடம் வலமாகவும் சேர்த்துப் புரட்டிப் போட்டாலும் எங்கே எந்த எண் இருந்ததோ அங்கே அதே எண் வந்து உட்கார்ந்திருக்கும். மேடம் அவற்றைக் கண்ணாடி அணிகள் என்பார். அப்படிப்பட்ட ஒரு பெரிய அணியோடு முழுதாக மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பார்க்கும் கோணத்தை மாற்றினால் அது பாதி அளவில் இரண்டு சிறிய அணிகளாகப் பிரிந்துவிடும். மற்ற இடமெல்லாம் பூஜ்யம். ஒரு பொருளை எத்தனை விதமாகப் புரட்டலாம் என்ற கணக்கே, அதை எத்தனை துண்டாகப் பிரிக்கலாம் என்பதையும் சொல்லிவிடும் என்பதுதான் அவர் வாழ்நாள் வேலையின் சாரம்.

பாடநூலில் இந்தத் துண்டுகளுக்கு வாயில் நுழையாத பெயர்கள் இருக்கின்றன. மேடம் 'அறை' என்றார். வகுப்பில் ஒட்டுப்பலகையைத் தட்டிக் காட்டி, "கணக்குல சுவர்னா பூஜ்யம். ஒரு ரூம்ல நடக்கிறது அடுத்த ரூமுக்குக் கேட்கவே கேட்காது. நம்ம காலேஜ் சுவர் மாதிரி இல்ல" என்பார். இந்தப் பக்கத்தில் நின்று நான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த இரண்டு அறைகள் எவை என்று சொல்லத்தான் அவருக்கு ஷூ தேவைப்பட்டது. ஷூவுக்குப் பேர்போன ஆம்பூரில் பிறந்தவர் வேறு எதை எடுப்பார்? ஒரு ஜோடியை மேசைமேல் வைப்பார். "லெப்ட்டு தனி, ரைட்டு தனின்னு பாக்காதீங்க. ரெண்டும் சேர்ந்தா இன்னா, ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் இன்னா, அப்படிப் பாருங்க. முதல்ல சொன்னது கூட்டல் ரூம். அடுத்தது கழித்தல் ரூம்" என்பார். ரெண்டு காலையும் சேர்த்துக் குதித்தால் அது கூட்டல் அறை. நடப்பது கழித்தல் அறை, ஏனென்றால் ஒரு கால் முன்னே போனால் மற்றது பின்னே. இரண்டு அறையிலும் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும், இடது எது வலது எது என்று மறுபடி பிரித்து எடுத்துவிடலாம். அவருடைய குட்டைக் காலைப் பார்க்காமல் இருக்க மாணவர்கள் படும் பாட்டைக் கவனித்து, "என் காலைப் பாருங்கப்பா, பரவால்ல. அது வேற சாப்டர்" என்று அவரே சொல்லிவிடுவார்.

இந்தக் கணக்கில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. கழித்தல் அறைக்குப் போகும்போது கழித்தல் குறியைப் போட மறந்துவிடுவது. அப்போது இரண்டு அறையும் கூட்டல் அறையாகவே ஆகிவிடும். உள்ளே போகலாம், திரும்பி வர வழி இருக்காது. மேடம் விடைத்தாளில் அந்த இடத்தைச் சுழித்து, பக்கத்தில் 'ரெண்டும் லெப்ட்டு' என்று எழுதுவார். ஷூ கம்பெனியில் ஒரே பெட்டிக்குள் இரண்டு இடது கால் ஷூ விழுந்துவிட்டால் சொல்லும் வார்த்தையாம் அது. தங்கச்சி சொல்லிக் கேட்டது என்றார். எங்கள் துறையில் அது ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. கால அட்டவணையில் ஒரே நேரத்துக்கு இரண்டு வகுப்பு விழுந்தாலும், யாராவது ஒரே செய்தியைக் குழுவில் இரண்டு முறை போட்டாலும், நாங்கள் 'ரெண்டும் லெப்ட்டு' என்போம். ஆற்காட்டிலிருந்து வந்த ஒரு மாணவர் அந்தத் தவறைச் செய்யாமல் தேறிய சந்தோஷத்தில் அந்த ஊர் இனிப்பான மக்கன் பேடா வாங்கி வந்தார். மேடம் இரண்டு எடுத்துக்கொண்டு, "இது ஜோடி" என்றார்.

தங்கச்சி என்று சொன்னேனே, அவரைப் பற்றி மேடம் அதிகம் பேசியதில்லை. பெயர் ஞானம், ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை, அந்தத் தடித்த ஷூவைத் தைத்துத் தருவது அவர்தான் என்ற அளவில்தான் எங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் மேடம் ஆம்பூர் பஸ் ஏறிவிடுவார். கருத்தரங்கு, கல்யாணம், துறைக் கூட்டம் எது வந்தாலும் அந்தப் பஸ் தவறாது. நாங்களும் ஒருமுறை வருகிறோமே என்று கேட்டதற்கு, அங்கே தோல் நாற்றம் ஜாஸ்தி, உங்களுக்குத் தாங்காது என்று பேச்சை மாற்றிவிட்டார்.

கடைசிச் சில ஆண்டுகளில் அவருடைய கவனம் வேறு பக்கம் திரும்பியது. அச்சு அசலாகக் கண்ணாடி போன்ற அணிகள் அவருக்குச் சலித்துவிட்டன. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் ஒரு பக்கம் கொஞ்சம் குறை என்றால் என்ன ஆகும் என்று கேட்க ஆரம்பித்தார். அப்போது சுவர் பூஜ்யமாக இருக்காது. கூட்டல் அறையில் நடப்பது கழித்தல் அறைக்குள் மெல்ல வரும். மேடம் அதற்கு வைத்த பெயர் கசிவு. கசிவு எவ்வளவு என்றும் எளிய உதாரணம் ஒன்றில் கணக்குப் போட்டுக் காட்டினார்: இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் சரியாகப் பாதி. அவர் காலைப் பற்றி அவரே சொன்ன 'வேற சாப்டர்' இதுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் நினைப்பு பாதிதான் சரி என்று பிறகு தெரிந்தது.

அவர் இறப்பதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், பஸ்ஸிலிருந்து போன் செய்தார். பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டி நிற்கிறதாம். சுற்றிலும் ஹாரன் சத்தம். ஒரு கேள்வி, உடனே பதில் வேண்டும் என்றார்.

"ஒரு பக்கம் கொஞ்சம் கொறஞ்சா கசிவு எவ்வளவுன்னு போட்டுட்டோம். ஒரு பக்கம் முழுசா இல்லன்னா சார்?"

அதில் கணக்கே இல்லையே மேடம் என்றேன். இல்லாததைக் கூட்டினாலும் இருப்பதுதான் மிச்சம், கழித்தாலும் இருப்பதுதான் மிச்சம். இரண்டு அறையிலும் ஒரே எண்தான் இருக்கும் என்றேன்.

"ஆமா. ரெண்டு ரூம்லயும் ஒரே ஆளு. எனக்கு அது பிடிக்கல சார்" என்றார். கணக்குக்கு எது பிடிக்குதோ அதுதானே மேடம் என்று நான் கிண்டல் செய்ய, அவரும் சிரித்தார். பிறகு, "பஸ் எடுத்துட்டான். வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

ஊருக்கெல்லாம் கிளம்பும்போது நாம் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் 'வர்றேன்' என்பதுதான் நான் கேட்ட அவருடைய கடைசி வார்த்தை. அதை எடுத்து எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சனிக்கிழமை மதியம் துறையிலிருந்து ஒரு வேன் பிடித்துப் போனோம். ஆம்பூரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் தோல் பதனிடும் வாடை வண்டிக்குள் வந்தது. மேடம் சொன்னது போலத் தாங்க முடியாததாக ஒன்றும் இல்லை. தெருவில் ஷாமியானா போட்டிருந்தார்கள். நான்தான் முதலில் இறங்கினேன். வீட்டு வாசலில் சுகிர்தம் மேடம் நின்றுகொண்டிருந்தார்.

அதே நெற்றி, அதே மூக்கு, காதோரம் நரைத்த அதே முடி. என்னைப் பார்த்துக் கை கூப்பினார். எனக்குக் கை எழவில்லை. எனக்குப் பின்னால் இறங்கிய துறைத்தலைவர் 'கர்த்தரே' என்று சொன்னது கேட்டது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த எனக்கு ஏதோ ஒன்று மட்டும் இடித்தது. என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் நேராக நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் மேடம் நேராக நின்று நான் பார்த்ததே இல்லை.

"நீங்க பலகைக்கு அந்தப் பக்கம் சாரா?" என்று கேட்டார் அவர். குரலும் அதேதான். "நான் ஞானம். நாங்க ரெட்ட. அவ சொல்லியிருக்க மாட்டா."

உள்ளே பெட்டியில் மேடம் இருந்தார். வெள்ளைச் சேலை, கையில் சிலுவை. கால்மாட்டில் போய் நின்றேன். வழக்கப்படி இரண்டு கட்டைவிரல்களையும் ஒரு வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஷூ இல்லாமல் அவர் பாதங்களை அன்றுதான் பார்த்தேன். குட்டைக் காலை இழுத்துப் பெரிய காலுக்குச் சமமாக வைத்துக் கட்டியிருந்தார்கள். நடப்பது கழித்தல் அறை என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. இனி அந்தக் கால்களுக்குக் கூட்டல் அறை மட்டும்தான். அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஞானம் அம்மா ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். டம்ளரை இடது கையால் நீட்டிவிட்டு, "பழக்கம் சார், தப்பா நெனைக்காதீங்க" என்றார். சர்ச்சிலிருந்து ஐயர் வர இன்னும் நேரம் இருந்தது. அவர் அழவில்லை. எதையோ கேட்பதற்காகவே இவ்வளவு நேரம் என்னை எதிர்பார்த்திருந்தவர் போல நேரே விஷயத்துக்கு வந்தார்.

"மண்ணுல வெக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும் சார். இத்தனை வருஷம் அவ இன்னா கணக்கு போட்டுக்கினு இருந்தா? கேட்டா, உன்னையும் என்னையும் பத்திதான்னுவா. கிண்டல் பண்றான்னு விட்டுட்டேன். கிண்டலா, நெஜமா?"

கல்லூரியில் எத்தனையோ பேருக்கு இதை விளக்கியிருக்கிறேன். நிஜம்தான் அம்மா என்றேன். இரண்டு பேர், பார்க்க ஒன்றே போல. தனித்தனியாகப் பார்த்தால் குழம்பும். அதனால் இரண்டு பேரும் சேர்ந்தால் எவ்வளவு என்று ஒரு அறை, இரண்டு பேருக்கும் நடுவில் வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு அறை. அந்த இரண்டும் தெரிந்தால் உங்களையும் திரும்ப எடுக்கலாம், அவரையும் திரும்ப எடுக்கலாம் என்று சொல்லி முடித்தேன்.

தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு தன் கால்களைப் பார்த்துக்கொண்டார். "வித்தியாசம் ஒண்ணுதான் சார். அவளுக்குக் காலு கம்மி. கம்பெனில மெஷின் மிதிக்கணும். மிதிக்கிற காலு இருக்கறவ கம்பெனிக்குப் போவட்டும், இல்லாதவ படிக்கட்டும்னு எங்க நயினா சொல்ட்டாரு. எனக்கும் கணக்கு நல்லா வரும்."

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னார். வெள்ளிக்கிழமை பஸ் ஏன் தவறவே தவறாது, எங்களை ஏன் ஒருமுறையும் இந்த வாசலுக்குக் கூப்பிடவில்லை, ஒரு பக்கம் குறைந்தால் அடுத்த அறைக்குள் என்ன கசியும் என்று ஏன் விடாமல் கணக்குப் போட்டார் என்பதெல்லாம் எனக்கு அந்த நாற்காலியில்தான் விளங்கியது. வித்தியாசத்தில் பாதி. அவர் தன் காலைப் பற்றி எழுதவில்லை. வேலூருக்குப் போகாத இன்னொரு சுகிர்தத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழ வேண்டியவர் என்னைத் தேற்றும்படி ஆயிற்று.

"ஒருத்தர் இல்லன்னா இன்னா ஆவும் சார், அந்தக் கணக்குல?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். கணக்கில் அவருடைய அக்காவிடம் நான் பொய் சொன்னதில்லை, இவரிடமும் சொல்ல வரவில்லை. இரண்டு அறையிலும் ஒரே எண்தான் இருக்கும் அம்மா என்றேன்.

"யாரு?"

"நீங்க."

"ரெண்டுலயும் நானே."

"ஆமாம்மா."

"அப்ப ரெண்டும் லெப்ட்டு" என்றார். "கம்பெனில அப்படி வந்தா மூடி போட மாட்டோம். எடுத்துத் தனியா வெச்சிடுவோம்."

ஐயர் வந்து ஜெபித்தார். பெட்டியை மூடும்போதுகூட ஞானம் அம்மா சத்தமிடவில்லை. யாரோ அந்தக் கறுப்பு ஷூக்களைக் கொண்டுவந்து உள்ளே வைக்கப் போனார்கள். அவர் கை நீட்டித் தடுத்து வாங்கிக்கொண்டார். மேல்தோல் தன் கையால் தைத்தது, மண்ணுக்குப் போக வேண்டாம் என்றார். கல்லறைத் தோட்டம் பாலாற்றுப் பக்கம். மண் போட்டு முடித்தபோது வெயில் இறங்கிவிட்டது. கூட்டம் வெளிவாசலை நோக்கி நடக்க ஆரம்பித்தது. நான் பின்தங்கி நின்றேன், குழியை விட்டு வர மனசில்லாமல்.

அப்போது கேட்டது. மெல்லிய ஒரு காலடி, அடுத்து 'டொக்'. நடைவழியில் கேட்ட அதே சத்தம், இந்த முறை சிமென்ட் பாதையில். நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு முன்னால் சுகிர்தம் மேடம் போய்க்கொண்டிருந்தார். இடது தோள் ஏறி இறங்கும் அதே நடை, பின்னால் அதே கொண்டை. ஓடிப்போய் எட்டினேன். ஞானம் அம்மா தன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, காலில் அந்த ஷூக்களை மாட்டியிருந்தார். இருவர் பாதமும் ஒரே அளவு. சமமான கால்களுக்குத் தடித்த அடிப்பாகம் ஒத்துவராமல் ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஒடிந்து நிமிர்ந்தது. கையைப் பிடித்துக்கொள்ளப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார். அப்போதுதான், அன்று முழுவதும் வராத கண்ணீர் அவருக்கு வந்தது.

"இவ்ளோ கஷ்டப்பட்டா சார் நடந்தா?" என்றார். "தெச்சுக் குடுத்தவ நானு. ஒரு தடவ போட்டுப் பாக்கலியே."

அவர் வாசல்வரை அப்படியே நடந்து போனார். நான் அந்தச் சத்தத்துக்குப் பின்னாலேயே போனேன்.

திங்கட்கிழமை நான் எங்கள் பழைய கூடத்துக்குப் போனேன். இப்போது அது பொருள்கள் போட்டு வைக்கும் அறை, ஆனால் ஒட்டுப்பலகையை எடுக்கவில்லை. பலகைக்கு என் பக்கமாக நின்று கொஞ்ச நேரம் காது கொடுத்தேன். மேடம், 'வர்றேன்' என்று சொல்லிவிட்டு வைத்தீர்கள். சுவர் பூஜ்யம் இல்லை என்று கணக்குப் போட்டுக் காட்டியவரும் நீங்கள்தான். பலகைக்கு இந்தப் பக்கம் நான் சத்தமில்லாமல் இருக்கிறேன். வாங்க, மேடம்.